கேஸ் ஷீட்டைப் படிக்கத் தெரிந்த தந்தை

1953 மே 6. ரத்தினகிரி மாவட்டத்தின் பால்ஷேத் கிராமத்துக் கடற்கரையில் நடந்த ஒரு விபத்தில் 20 வயது இளைஞன் ஒருவனின் இடது தொடை எலும்பு முறிந்தது. கால் அசையாதபடி மரப்பலகை வைத்துக் கட்டினார்கள். அந்த ஊரில் அதற்கு மேல் செய்ய வழியில்லை. பிறகு டாக்சியில் கிடத்தி, சுமார் 200 மைல் தாண்டிப் புனேவுக்குக் கொண்டுவந்தார்கள். மே 9 அன்று எலும்பு மருத்துவர் ஒருவரின் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மாலைக்குள் காலை இழுத்து நேராக்கி மாவுக்கட்டும் போட்டாயிற்று. மார்பியா மயக்கம்தான், 7 மணிக்குள் தெளிந்துவிடும் என்று தந்தைக்குச் சொல்லப்பட்டது. இரவு 9 மணிக்கு மகன் இறந்துவிட்டான்.

இப்படி ஒரு சாவு நேர்ந்தால் அந்தக் காலத்துக் குடும்பம் என்ன செய்திருக்கும்? அழுதிருக்கும். ‘நம்ம நேரம், அவங்க என்ன பண்ணுவாங்க’ என்று ஒருவருக்கொருவர் சொல்லித் தேறியிருக்கும். ஆனால் இந்தத் தந்தை ஒரு மருத்துவர். மகனுக்கு என்ன ஊசி எழுதப்பட்டது, அதில் எது போடப்பட்டது என்று அவரால் பார்க்க முடிந்தது. ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு மார்பியா ஊசி போடச் சொல்லியிருந்தார்கள். போட்டது ஒன்றுதான். முழு மயக்கமும் கொடுக்காமல் மூன்று ஊழியர்களை வைத்துக்கொண்டு முறிந்த காலைப் பலமாக இழுத்திருக்கிறார்கள். அந்த அதிர்ச்சியில்தான் மகன் இறந்தான் என்பது தந்தையின் குற்றச்சாட்டு. எலும்பு முறிவிலிருந்து கொழுப்புத் துகள் ரத்தத்தில் கலந்து அடைத்ததே காரணம் என்றது எதிர்த்தரப்பு.

பெற்றோர் வழக்குப் போட்டது 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டத்தின் கீழ். நோயாளிக்கென்று தனியாக ஒரு சட்டம் அப்போது இல்லை. 25,000 ரூபாய் கேட்டார்கள். கீழ் நீதிமன்றம் 3,000 கொடுத்தது. அதையும் எதிர்த்து மருத்துவர் மேல்முறையீடு செய்தார். பம்பாய் உயர் நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தபோது 1968 ஆகியிருந்தது. ஒரு நோயாளியை ஏற்பதா என்று முடிவெடுக்கும்போது, எந்தச் சிகிச்சை என்று தீர்மானிக்கும்போது, அதைச் செய்யும்போது என்று மூன்று கட்டத்திலும் மருத்துவர் கவனமாக இருக்கக் கடமைப்பட்டவர் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்றும் இந்திய நீதிமன்றங்கள் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

பதினைந்து ஆண்டு, மூவாயிரம் ரூபாய். கேஸ் ஷீட்டைப் படிக்கத் தெரிந்த தந்தைக்கே இவ்வளவு நடை. படிக்கத் தெரியாதவர்கள் எந்தப் படியில் ஏறியிருப்பார்கள் என்ற கேள்வியிலிருந்துதான் இந்த நாட்டு மருத்துவப் புகாரின் வரலாற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மருத்துவர் தவறினால் தண்டனை என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இதற்கு விதி எழுதி வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நோய் என்று தெரிந்தும் அரசுக்குத் தெரிவிக்காமல் வைத்தியம் பார்த்து, நோயாளி இறந்தால் ஒரு அபராதம். வைத்தியத்தில் செய்த பிழையால் இறந்தால் அதைவிடக் கூடுதல். அலட்சியத்தால் நோய் முற்றினால் அதை உடல்மீதான தாக்குதலாகவே கருத வேண்டும் என்கிறது அந்நூல். ஆனால் ஏட்டில் இருப்பது வேறு, ஊரில் இருப்பது வேறு. ஊருக்கு ஒரு வைத்தியர் இருந்த காலத்தில் அவரைப் பகைத்துக்கொண்டு அடுத்த காய்ச்சலுக்கு எங்கே போவது? நம்மிடம் ‘கைராசி’ என்றொரு சொல் இருக்கிறது. குணமானால் அவர் கைராசி. குணமாகாவிட்டால் நோயாளியின் விதி. அவர் கை என்ன செய்தது என்று கேட்க அந்தச் சொல்லில் இடமே இல்லை.

பிரிட்டிஷ் ஆட்சி பதிவேட்டைக் கொண்டுவந்தது. பம்பாய் 1912-லும், வங்காளமும் சென்னையும் 1914-லும் மருத்துவப் பதிவுச் சட்டங்களை இயற்றின. படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர்களின் பெயர்கள் ஒரு பட்டியலில் ஏறின. துறைக்கு இழுக்குத் தேடியவரின் பெயரை நீக்கும் அதிகாரம் மருத்துவக் கவுன்சிலுக்கு வந்தது. 1933-இல் அகில இந்திய அளவிலும் ஒரு கவுன்சில் உருவானது. புகார் கொடுக்க முதல் கதவு அதுதான் என்று சொல்லலாம். ஆனால் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் மருத்துவர்கள். அவர்கள் தர முடிந்த தண்டனை எச்சரிப்பதும் பெயரை நீக்குவதும்தான். இறந்தவரின் வீட்டுக்கு ஒரு ரூபாய் இழப்பீடு வாங்கித் தர அவர்களால் முடியாது.

மற்றொரு கதவு போலீஸ் நிலையம். இந்திய தண்டனைச் சட்டத்தில் 1870-இல் சேர்க்கப்பட்ட 304-ஏ பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதைக் குற்றமாக்கியது. கண்மூடித்தனமாக வண்டி ஓட்டி ஆளைக் கொன்றவரையும், அறுவை சிகிச்சை மேசையில் தவறியவரையும் அதே பிரிவு எட்டிப் பிடித்தது. மூன்றாவது, சிவில் நீதிமன்றம். அங்கே போனால் என்ன ஆகும் என்பதற்கு அவுரங்காபாத் வழக்கு ஒன்றே போதும். 1963 ஜூலையில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் ஒரு பெண் பிரசவித்தார். மூன்று நாள் கழித்துக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை நடந்தது. வயிற்றுக்குள் துணியை மறந்து வைத்துத் தைத்துவிட்டார்கள். வலியும் காய்ச்சலும் தீராமல், மறுபடி வயிற்றைத் திறந்தபோதுதான் துணி கிடைத்தது. ஜூலை 24 அன்று அவர் இறந்தார். கீழ் நீதிமன்றம் 36,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் மீண்டும் கொடுக்கச் சொன்ன ஆண்டு 1996. அன்று பிறந்த குழந்தைக்கு அப்போது 32 வயது முடிந்திருக்கும். மருத்துவமனை நடத்துவது அரசின் இறையாண்மைச் செயல், எனவே வழக்குத் தொடர முடியாது என்ற வாதத்தை அந்தத் தீர்ப்பு ஒதுக்கித் தள்ளியது. வயிற்றுக்குள் துணி இருந்ததே சாட்சி, வேறு சாட்சி வேண்டியதில்லை என்ற நிலையை எடுத்தது. அதைச் சொல்லத்தான் 33 ஆண்டு.

1980-களின் கடைசியில் புகார் வேறு உருவங்களையும் எடுத்தது. ஸ்கூட்டரில் போன ஒருவர் கார் மோதிச் சாலையில் கிடக்கிறார். வழிப்போக்கர் தூக்கிக்கொண்டு அருகிலுள்ள மருத்துவமனைக்கு ஓடுகிறார். இது போலீஸ் கேஸ், 20 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மருத்துவமனை இருக்கிறது, அங்கே கொண்டுபோங்கள் என்கிறார்கள். போகும் வழியில் உயிர் போகிறது. இந்தச் செய்தி வந்த நாளிதழ்த் துண்டை இணைத்து ஒரு சமூக ஆர்வலர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1989 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, உயிரைக் காப்பது முதல் வேலை, போலீஸ் சடங்குகள் அதன் பிறகு என்று எல்லா மருத்துவர்களுக்கும் சொன்னது. விபத்தில் அடிபட்டவரை இன்று எந்த மருத்துவமனையும் வாசலிலேயே திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்குப் பின்னால் ஒரு செய்தித்தாள் துண்டு இருக்கிறது.

வங்காளத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கமே புகார்தாரர் ஆனது. 1992 ஜூலை 8 அன்று மதுராபூர் ரயில் நிலையத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட அந்தச் சங்கத்து உறுப்பினர் ஒருவரை, கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை, ஸ்கேன் வசதி இல்லை என்று திருப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். சங்கமும் அவரும் சேர்ந்து தொடுத்த வழக்கில், அவசர சிகிச்சை மறுப்பது வாழும் உரிமையைப் பறிப்பதாகும் என்று 1996-இல் தீர்ப்பு வந்தது. இந்தச் சம்பவத்தை விசாரித்த குழு வைத்த பரிந்துரைகளில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: யார் பார்த்தார், எத்தனை மணிக்குப் பார்த்தார், எங்கே அனுப்பினார் என்பது பதிவேட்டில் தெளிவாக எழுதப்பட வேண்டும். வாயால் ‘இடமில்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டால் அதற்குச் சாட்சி கிடையாது. ஓ.பி. சீட்டில் எழுதிவிட்டால் உண்டு. புகாரின் உயிர் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

இதற்கிடையில் பெரிய கதவு ஒன்று, யாரும் மருத்துவமனையை நினைக்காத நேரத்தில் திறந்திருந்தது. 1986 டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எடை குறைந்த மூட்டைக்கும் ஓடாத மின்விசிறிக்கும் ஆனது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். வக்கீல் வேண்டாம், நீதிமன்றக் கட்டணம் வேண்டாம், மாவட்டத்துக்கு ஒரு மன்றம். ‘சேவை’ என்பதற்கு அந்தச் சட்டம் கொடுத்த விளக்கத்தில் மருத்துவம் என்ற சொல்லே இல்லை. இல்லை என்பதால் அடங்காது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். விலக்கவில்லை என்பதால் அடங்கும் என்று நோயாளிகள் சொன்னார்கள். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 1992-இல், தேசிய நுகர்வோர் ஆணையம் நோயாளிகள் பக்கம் நின்றது.

சென்னை உயர் நீதிமன்றம் எதிர்ப்பக்கம் போனது. 1994-இல் அதன் டிவிஷன் பெஞ்ச், மருத்துவர் செய்யும் நோயறிதலும் சிகிச்சையும் அந்தச் சட்டம் சொல்லும் சேவை ஆகாது, நோயாளி நுகர்வோர் அல்ல என்று தீர்ப்பளித்தது. அறையும் சாப்பாடும் துணைப் பணிகளும் அடங்கலாம், கத்தி வைத்த கை அடங்காது. இந்தப் பிரிவினை நோயாளிக்கு என்ன பொருள் தரும் என்று யோசித்தால் மனம் கனக்கிறது. கட்டில் ஆடினால் கேட்கலாம், கட்டிலில் படுத்தவர் செத்தால் கேட்க முடியாது.

எல்லா மேல்முறையீடுகளையும் சேர்த்து, இந்திய மருத்துவச் சங்கம் மனுதாரராக நின்ற வழக்கில், 1995 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. குல்தீப் சிங், எஸ்.சி. அகர்வால், பி.எல். ஹன்சாரியா ஆகியோர் அடங்கிய அமர்வு. சட்டம் ‘தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தை’ விலக்கியிருந்ததைத்தான் மருத்துவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நீதிபதிகள் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தார்கள். எஜமானர் சொன்னபடி செய்யும் வீட்டுப் பணியாளின் ஒப்பந்தம் ஒன்று. தன் அறிவைக் கொண்டு தானே முடிவெடுத்துப் பிறருக்கு வேலை செய்து தரும் மருத்துவர் போன்றோரின் ஒப்பந்தம் மற்றொன்று. விலக்கு முதலாவதற்குத்தான். நோயாளி மருத்துவருக்கு எஜமானர் அல்ல என்பதாலேயே அவர் நுகர்வோர். மருத்துவர்களின் கௌரவத்தைக் குறைக்காமல் நோயாளியின் உரிமையை நிறுவிய வாதம் அது.

ஆனால் அதே தீர்ப்பு ஒரு கோடும் போட்டது. காசு வாங்கும் மருத்துவமனை அடங்கும். சிலரிடம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனையில் இலவச நோயாளியும் அடங்குவார். எவரிடமும் எதுவும் வாங்காத மருத்துவமனை அடங்காது. சீட்டுக்குக் கொடுக்கும் சிறு தொகை கட்டணம் ஆகாது. ‘பெரியாஸ்பத்திரி’ என்றும் ஜி.எச். என்றும் தமிழ்நாடு முழுக்க மக்கள் நம்பிப் போகும் இடங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். வேறு போக்கிடம் இல்லாதவர்கள்தான் அங்கே அதிகம். அவர்களில் பலருக்கு அந்த எளிய கதவு சாத்தியே கிடந்தது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். தமிழ்நாட்டில் 1997-இல் அமைந்த மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம். வழி இருக்கிறது, ஆனால் கூலிவேலையை விட்டுவிட்டு வருகிறவருக்கு அது நீளமான வழி. அதே 1997-இல் தனியார் மருத்துவமனைகளை முறைப்படுத்தத் தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதற்கான விதிகள் வெளிவந்தது 2018-இல். இடைப்பட்ட 21 ஆண்டுகளில் எத்தனை நர்சிங் ஹோம்கள் திறந்தன, எத்தனை மூடின என்பதை ஒவ்வொரு ஊர்க்காரரும் தம் தெருவை வைத்தே கணக்கிடலாம்.

மருத்துவர்களின் அச்சத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. லூதியானாவில் 1995-இல் ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறியபோது கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது, அவர் இறந்தார். குற்ற வழக்கு மருத்துவர்கள்மீது பாய்ந்தது. 2005 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சிலிண்டர் காலியாக இருந்ததற்கு மருத்துவமனை இழப்பீடு தரலாம், அதற்காக மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பது அதன் நிலை. அத்துடன் மருத்துவர்மீது குற்ற வழக்குப் பதியும் முன் அதே துறையில் தேர்ந்த, சார்பற்ற, முடிந்தால் அரசுப் பணியில் உள்ள ஒரு மருத்துவரின் கருத்தைப் போலீஸ் பெற வேண்டும் என்றும், சாதாரணமாகக் கைது செய்யக் கூடாது என்றும் வழிகாட்டியது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் மருத்துவர்களுக்குத் தனி அளவு வைத்திருக்கிறது: கவனக்குறைவான மரணத்துக்கு மற்றவர்களுக்கு 5 ஆண்டு வரை, பதிவுபெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டு வரை. கைவிலங்கு தனக்குக் காத்திருக்கிறது என்று நினைக்கும் மருத்துவர் சிக்கலான நோயாளியைத் தொடவே தயங்குவார். அந்தத் தயக்கத்தின் விலையையும் நோயாளிதான் கொடுக்க வேண்டியிருக்கும். புகார் கொடுக்க வழி தெரியாத ஆத்திரம் இரவுப் பணியில் இருக்கும் டூட்டி டாக்டர்மீது கையோங்குவதில் முடிகிறது என்பதும் கண்முன் நடப்பது. அதைத் தடுக்கத் தமிழ்நாடு 2008-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

கல்கத்தாவில் சிகிச்சை பெற்று 1998 மே மாதம் இறந்த ஒரு பெண்ணின் வழக்கு இழப்பீட்டுத் தொகையின் அளவையே மாற்றியது. தோலில் வந்த ஒவ்வாமைக்கு ஸ்டீராய்டு மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்தார்கள் என்பது புகார். கணவர் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினார். 2009-இல் கவனக்குறைவு உறுதியானது. 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்த தொகை வட்டி நீங்கலாகச் சுமார் 6 கோடி ரூபாய். மருந்தின் அளவு, இடைவெளி, உலக மருத்துவ நூல்கள் என்று அவர் முன்வைத்த ஆதாரம் மலைபோல் இருந்தது. அந்தக் கணவரும் ஒரு மருத்துவர், அமெரிக்காவில் பணிபுரிந்தவர்.

1953-இல் மருத்துவரான ஒரு தந்தை, 1998-இல் மருத்துவரான ஒரு கணவர். இந்த நாட்டின் மருத்துவச் சட்டத்தை முன்னே தள்ளிய இரண்டு பெரிய புகார்களை மருத்துவர்களே கொடுத்தார்கள் என்பதைத் தற்செயல் என்று விட முடியவில்லை. மற்றவர்களின் கையில் இருப்பது ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியும் பில்லும். பல சமயம் பில் மட்டும். இழப்பீட்டுத் தொகையைவிட, எந்தத் தீர்ப்பையும்விட, சாதாரண மனிதருக்குக் கிடைத்த பெரிய ஆயுதம் 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறையில் இருக்கும் சின்ன விதி ஒன்றுதான். உள்நோயாளியின் சிகிச்சைப் பதிவுகளை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 2016-இல் மருந்துப் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்றும் சேர்த்தார்கள். கேஸ் ஷீட் கைக்கு வந்துவிட்டால் அதை வாசித்துச் சொல்ல ஓர் அறிமுகமான டாக்டரைத் தேடிப் பிடிக்கலாம். வராவிட்டால் எதைப் பிடிப்பது?

2019-இல் நுகர்வோர் சட்டம் புதிதாக எழுதப்பட்டது. மசோதாவில் இருந்த ‘மருத்துவ சேவை’ என்ற சொல்லை இறுதி வடிவத்தில் நீக்கினார்கள். உடனே பழைய சண்டை மறுபடி பிறந்தது. சொல் இல்லாவிட்டாலும் பொருள் அடங்கும் என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. இந்தப் புதுச் சட்டத்தில் நோயாளிக்கு ஒரு நல்ல மாற்றம் உண்டு: மருத்துவமனை எங்கே இருந்தாலும், தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சென்னைக்கு வந்து அறுவை செய்துகொண்ட திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலியிலேயே மனுப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதைத்தான் பலர் தாமதமாகத் தெரிந்துகொள்கிறார்கள். கவுன்சில் பக்கம் மட்டும் பாதை குறுகிவிட்டது. மாநிலக் கவுன்சிலின் முடிவில் குறை இருந்தால் மேல்முறையீடு செய்யும் வழியைத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் மருத்துவருக்குச் சொல்கிறது, புகார் கொடுத்த நோயாளியைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை.

சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 1996 ஆகஸ்ட் 30 அன்று 29-ஆம் வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, செப்டம்பர் 23 அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கக்கூடும். பிறந்த சில வாரத்தில் கண் மருத்துவர் பார்த்துவிட்டால் பெரும்பாலும் தடுக்கலாம். பெற்றோருக்கு அதை யாரும் சொல்லவில்லை. குழந்தைக்குப் பார்வை இல்லை என்று தெரிந்தபோது நாலரை மாதம் ஆகியிருந்தது. அமெரிக்கா வரை கொண்டுபோயும் பலனில்லை.

வழக்கு தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போய், 2009-இல் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கிடைத்தது. தந்தை உச்ச நீதிமன்றம் சென்றார். நீதிபதிகள் ஜே.எஸ். கேஹரும் எஸ்.ஏ. பாப்டேயும் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்தார்கள். கண்ணுக்கு வரக்கூடிய ஆபத்தைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கையும் அதில் இல்லை. மருத்துவர்களே அதை மனத்தில் வைத்திருந்ததற்கான தடயமும் இல்லை. 2015 ஜூலை 1 அன்று இழப்பீட்டைச் சுமார் 1.80 கோடியாக உயர்த்தினார்கள்: அதுவரையான சிகிச்சைச் செலவுக்கு 42,87,921 ரூபாய், இனிவரும் செலவுக்கு 1,38,00,000 ரூபாய். அந்தத் தாளில் எழுதப்படாமல் போன வரிக்கு விடை வந்தபோது அந்தப் பெண்ணுக்கு 18 வயது.